தடம் இருந்தால் பாதுகாப்பு என்று அர்த்தமா? பனிமலையில் 'ஸ்னோஷூ' நடை... போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

"இதோட திரும்பிடலாம்" என்று எங்கள் வழிகாட்டி சொன்னபோது மணி மதியம் 12:20.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கடுப்பு. சென்னையிலிருந்து சுமார் 13 ஆயிரம் கி.மீ. தாண்டி வந்திருக்கிறேன். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, மூன்று அடுக்கு உடை போட்டு, இரண்டரை மணி நேரம் காரில் உட்கார்ந்து, பனியில் இரண்டு மணி நேரம் மூச்சு வாங்க நடந்திருக்கிறேன். எதிரே தெரியும் மேட்டைக் கடந்தால் முழு மலையும் கண்முன் நிற்கும் என்று அக்கா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சரிவின் குறுக்கே யாரோ ஏற்கெனவே நடந்துபோன தடமும் பளிச்செனத் தெரிந்தது.

"அவங்க போயிருக்காங்களே... நாம ஏன் போகக் கூடாது?" என்று கேட்டேன்.

"தடம் இருந்தா யாரோ போயிருக்காங்கன்னு மட்டும்தான் அர்த்தம். அடுத்து போறவங்க பத்திரமா வருவாங்கன்னு அர்த்தம் இல்ல" என்றார் அவர். அவ்வளவுதான். எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழு வந்த வழியே திரும்பியது.

இது நடந்தது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் மவுன்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவில். காலில் அகலமான தட்டு மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வெள்ளைப் பனியில் நடக்கும் ரீல்ஸை நீங்களும் இன்ஸ்டாவில் பார்த்திருப்பீர்கள். பார்க்க செம ஈஸியாக இருக்கும். நடப்பது உண்மையிலேயே ஈஸிதான். எங்கே நடக்கக் கூடாது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வழிகாட்டியோடு போவது எதற்காக என்பது அன்று மதியம்தான் எனக்குப் புரிந்தது. முதலிலிருந்து பார்க்கலாம்.

ஸ்னோஷூ என்றால் என்ன?

பெயரில் ஷூ இருந்தாலும் இது ஷூ இல்லை. நாம் போட்டிருக்கும் பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் ஒரு அகலமான சட்டகம். நடுவில் உறுதியான பிளாஸ்டிக் அல்லது துணி விரிப்பு, பூட்ஸை இறுக்கிப் பிடிக்க வார்ப்பட்டை, அடியில் பனிக்கட்டியைக் கவ்விப் பிடிக்க உலோகப் பற்கள். முன்பாதம் மட்டும்தான் கட்டப்பட்டிருக்கும். குதிகால் செருப்பு போல மேலே எழும்பும். அதனால் இயல்பாகவே நடக்கலாம். சிலவற்றில் குதிகாலுக்குக் கீழே ஒரு கம்பியை நிமிர்த்தி வைக்கும் வசதி உண்டு. செங்குத்தாக ஏறும்போது கெண்டைக்கால் வலிக்காமல் இருக்க அது உதவும்.

பனியில் ஏன் புதைவதில்லை?

இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்தில் படித்த அழுத்தம் பாடம்தான். எடை அதேதான், பரப்பளவு கூடினால் அழுத்தம் குறையும்.

ஒரு சின்னக் கணக்கு. பையோடு சேர்த்து உங்கள் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூட்ஸின் அடிப்பரப்பு தோராயமாக 250 சதுர செ.மீ. ஒரு காலைத் தூக்கி மறு காலில் நிற்கும்போது, ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் ஏறும் எடை 280 கிராம். ஸ்னோஷூவின் பரப்பு சுமார் 1,200 சதுர செ.மீ. இப்போது அதே எடை 58 கிராமாகக் குறைகிறது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

புதிதாக விழுந்த பனியில் 90 சதவீதத்துக்கும் மேல் காற்றுதான். அதனால் வெறும் பூட்ஸோடு கால் வைத்தால் முழங்கால் வரை, சில இடங்களில் இடுப்பு வரை உள்ளே போகும். ஸ்னோஷூ போட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் கணுக்காலோடு நின்றுவிடும். நான் சோதித்துப் பார்க்க ஒரு காலைக் கழற்றி வைத்தேன். 'சரக்'கென்று தொடை வரை போய்விட்டது. வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இந்தச் சோதனையை வீட்டிலும் வேண்டாம், மலையிலும் வேண்டாம்!

இது புது ஃபேஷனா?

இல்லை. மிக மிகப் பழசு. 2003-ல் இத்தாலி-ஆஸ்திரியா எல்லையில் ஆல்ப்ஸ் மலையின் 3,134 மீட்டர் உயரத்தில், இத்தாலிய நிலவரைபட வல்லுநர் ஒருவர் வளைந்த மரச் சட்டம் ஒன்றைக் கண்டெடுத்தார். பிர்ச் மரத்தாலான அந்த ஸ்னோஷூ, ஏதோ ஒரு விவசாயி சில தலைமுறைகளுக்கு முன் விட்டுச்சென்றதாக இருக்கும் என்று நினைத்து, அதைப் பல ஆண்டுகள் தன் அலுவலகத்திலேயே வைத்திருந்தார். பிறகு ஆய்வகத்தில் சோதித்தபோது அதன் காலம் கி.மு. 3800 - 3700 என்று தெரியவந்தது. 2016-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இதுவரை கிடைத்ததிலேயே பழைய ஸ்னோஷூ அதுதான் என்கிறார்கள்.

வட அமெரிக்கப் பழங்குடி மக்களோ இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். மரத்தை வளைத்துச் சட்டம் செய்து, பதப்படுத்தாத விலங்குத் தோலை வாராக்கிக் குறுக்கும் நெடுக்கும் பின்னினார்கள். அடர்ந்த காட்டுக்குக் குட்டையான வட்ட வடிவம், திறந்த வெளிக்கு நீளமான வடிவம் என்று இடத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றினார்கள். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. குளிர்காலத்தில் வேட்டைக்குப் போக வேண்டும், வயிறு நிறைய வேண்டும். அதற்கான கருவி.

ஊட்டியைவிடத் தாழ்வான இடத்தில் இவ்வளவு பனியா?

நாங்கள் நடக்கத் தொடங்கிய இடத்தின் பெயர் பாரடைஸ். கடல்மட்டத்திலிருந்து 5,400 அடி உயரம். ஊட்டி 7,300 அடிக்கும் மேல். அதாவது, நம்ம ஊட்டிதான் உயரம்! ஆனால் ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல் மீது உறைபனி படிவதோடு சரி. பாரடைஸில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக 16 மீட்டருக்கும் அதிகமாகப் பனி கொட்டுகிறது. நான்கு, ஐந்து மாடி உயரம். இறுகி, உருகி, அடியில் தங்குவது அதில் ஒரு பகுதிதான் என்றாலும், பெயர்ப்பலகைகளும் கோடைக்காலப் பாதைகளும் சுத்தமாக மூடிப்போகும்.

1971-72 குளிர்காலத்தில் இங்கே விழுந்தது 1,122 அங்குலம், சுமார் 28.5 மீட்டர். அன்றைக்கு அது உலக சாதனை. 1998-99-ல் அதே மாநிலத்தில் உள்ள மவுன்ட் பேக்கர் 1,140 அங்குலத்தோடு அதை முந்தியது.

காரணம் நமக்குத் தெரிந்த ஒன்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து வால்பாறையை நனைக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் சமவெளி மழை மறைவுப் பகுதியாகக் காய்கிறது. அதே கதைதான் அங்கேயும். பசிபிக் கடலின் ஈரக்காற்று கேஸ்கேட் மலைத்தொடரில் மோதி மேலெழுகிறது. ஆனால் அது ஊட்டி போல வெப்ப மண்டலம் இல்லை, பூமத்திய ரேகையிலிருந்து வெகுதூரம் வடக்கே இருக்கிறது. அதனால் மழைக்குப் பதில் பனி. மலைக்குக் கிழக்கே போனால் வறண்ட நிலம்.

இந்தப் பனி ஈரப்பதம் கூடிய, கனமான பனி. உள்ளூர்க்காரர்கள் 'கேஸ்கேட் கான்கிரீட்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். இந்தப் பெயர் ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

போவது எப்படி?

சியாட்டிலிலிருந்து காரில் சுமார் இரண்டரை மணி நேரம். ஐ.டி. வேலைக்காக அந்த நகரத்தைச் சுற்றிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். என் அக்காவும் மாமாவும் அப்படித்தான். நவம்பர் 1 முதல் மே 1 வரை பூங்காவுக்குள் வரும் எல்லா வாகனங்களிலும் டயர் சங்கிலி இருந்தாக வேண்டும், நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியாக இருந்தாலும் சரி. லாங்மைர் என்ற இடத்தில் இருக்கும் கேட், குளிர்காலத்தில் மாலையானால் மூடப்படும். பனி அதிகமானால் காலையில் திறப்பதும் தள்ளிப்போகும், சில நாள் திறக்கவே திறக்காது. கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தைப் பார்ப்பது கட்டாயம்.

பாரடைஸில் குளிர்கால வார இறுதிகளில் பூங்காவின் ரேஞ்சர்களே மக்களை அழைத்துச் செல்லும் ஸ்னோஷூ நடை வெகுகாலமாக இருக்கிறது. சுமார் 2 மணி நேரம், 3 கி.மீ.க்குள். முதல்முறை போகிறவர்களுக்கு அது நல்ல தொடக்கம். இடங்கள் குறைவு, முன்னால் வருகிறவர்களுக்கே முன்னுரிமை. ஒவ்வொரு சீசனிலும் அட்டவணை மாறும் என்பதால் இதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. நாங்கள் போனது கட்டணம் வாங்கும் ஒரு வழிகாட்டியோடு, அரை நாள் நடை.

ஜீன்ஸ் போட்டா என்ன?

"ஜீன்ஸ் போட்டுட்டு வராதடி" என்று அக்கா முந்தின நாளே எச்சரித்தார். நான் கேட்கவில்லை. ஜீன்ஸுக்கு உள்ளே தெர்மல் போட்டால் போதும் என்று நினைத்தேன். வண்டியை விட்டு இறங்கியதும் வழிகாட்டி முதலில் பார்த்தது என் கால்களைத்தான். தன் வண்டியிலிருந்து ஒரு உபரி பேன்ட்டை எடுத்து நீட்டி, "மாத்திட்டு வாங்க, காத்திருக்கோம்" என்றார். ஏழு பேர் எனக்காகக் குளிரில் நின்றார்கள். அசிங்கமாகத்தான் இருந்தது.

பருத்தி நம்ம ஊர் வெயிலுக்கு வரம். பனியில் அதுதான் எதிரி. வியர்வையையும் உருகிய பனியையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. ஈரத்துணி உடல் சூட்டை வேகமாக இழுத்துவிடும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. கை நடுங்கும், பேச்சு குழறும், முடிவெடுக்கும் திறன் குறையும். ஆபத்தான விஷயம் என்னவென்றால், தனக்கு அப்படி ஆகிறது என்பதே பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாது.

சரியான உடை மூன்று அடுக்கு:

• உடலை ஒட்டி: கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல்
• நடுவில்: சூட்டைப் பிடித்துவைக்கும் ஃப்ளீஸ்
• வெளியே: காற்றும் ஈரமும் புகாத ஜெர்கின், பேன்ட்

இவற்றோடு தண்ணீர் புகாத பூட்ஸ், கம்பளி சாக்ஸ், பூட்ஸுக்குள் பனி நுழையாமல் தடுக்கும் கெய்ட்டர், இரண்டு ஜோடி கையுறை. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும் என்பது வழிகாட்டி சொன்ன விதி. தொடக்கத்திலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துக்கொட்டும். அந்த வியர்வைதான் நின்றவுடன் குளிராக மாறும்.

கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்லை. புதிய பனி, புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மேலிருந்தும் கீழிருந்தும் கதிர் தாக்குவதால், மேகமூட்டமான நாளில்கூடக் கண் கருகியது போல எரியலாம். சன் ஸ்கிரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும்கூடத் தடவச் சொன்னார்கள்.

நடக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

இருபது நிமிடம் போதும். ஆனால் அந்த இருபது நிமிடம் நிறைய சிரிப்பார்கள்.

• கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ஸ்னோஷூவை இன்னொன்று மிதித்து, நீங்கள் குப்புற விழுவீர்கள். நான் முதல் பத்து நிமிடத்தில் மூன்று முறை விழுந்தேன்.
• பின்னோக்கி நடக்கக் கூடாது. பின்பக்கம் பனியில் குத்திக்கொள்ளும். வட்டமடித்துத்தான் திரும்ப வேண்டும்.
• ஏறும்போது முன்பாதத்தை அழுத்தி ஊன்ற வேண்டும், பற்கள் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது முழங்காலை லேசாக மடக்கி, எடையைக் கொஞ்சம் பின்னால் வைக்க வேண்டும்.
• கைக்கோலின் அடியில் அகலமான வட்டம் மாட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கோலே உள்ளே போய்விடும்.
• விழுந்தால் கையை ஊன்றி எழ முடியாது, கை புதையும். உருண்டு மண்டியிட்டு, கோலைப் படுக்கையாக வைத்து அதன்மேல் ஊன்றி எழ வேண்டும்.

முன்னால் போகிறவருக்குத்தான் வேலை அதிகம். அவர்தான் புதுப்பனியை மிதித்துப் பாதை போடுகிறார். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என முறை மாற்றினோம். என் முறை வந்தபோது மூன்றாவது நிமிடத்திலேயே நாக்கு தள்ளியது. நீங்கள் சமவெளியில் நடக்கும் வேகத்தில் பாதிகூட இங்கே வராது. திட்டம் போடும்போது இதைக் கணக்கில் வைக்க வேண்டும். ஜனவரியில் அங்கே மாலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.

வழியில் ஒரு நரி எங்கள் பக்கத்தில் வந்து, ரொம்ப நாள் பழக்கம் மாதிரி உட்கார்ந்தது. ஒருவர் பிஸ்கட்டை எடுத்தார். வழிகாட்டி தடுத்துவிட்டார். 'கேஸ்கேட் செந்நரி' என்ற இந்த வகை அரிதானது. தீனி போட்டுப் பழக்கினால் கார் நிறுத்தும் இடத்திலேயே சுற்றித் திரியும், சக்கரத்தில் சிக்கிச் சாகும். போட்டோ எடுப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்த மேட்டில் அப்படி என்ன ஆபத்து?

சுமார் பதினொன்றரை மணிக்கு, மரங்கள் அடர்ந்த ஒரு சமமான இடத்தில் வழிகாட்டி பையிலிருந்து மடக்கு மண்வாரியை எடுத்து ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெட்டினார். வெட்டிய சுவரைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளை. தொட்டால்தான் அது அடுக்கடுக்காக இருப்பது தெரிகிறது. மேலே கெட்டியான, கனமான அடுக்கு. அதற்குக் கீழே விரலுக்குச் சட்டென உதிரும் ஒரு மெல்லிய அடுக்கு. கிட்டத்தட்ட நம்ம வீட்டு ரவை மாதிரி.

ஒரு பலகையில் ரவையைப் பரப்பி, அதன்மேல் இன்னொரு பலகையை வைத்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணம் வரை அசையாது. அதைத் தாண்டினால் மேல்பலகை மொத்தமாகச் சறுக்கும். மலையில் நடப்பதும் இதுதான். பலவீனமான அடுக்கு உடைந்தால், அதன்மேல் இறுகியிருக்கும் பனி முழுசாகப் பெயர்ந்து இறங்கும். இதுதான் உயிரைக் குடிக்கும் பனிச்சரிவு.

தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள்:

• பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவில் நடக்கின்றன. கண்ணுக்கு அது அப்படியொன்றும் செங்குத்தாகத் தெரியாது.
• பனிச்சரிவு விபத்துகளில் சுமார் 90 சதவீதத்தில், அதைத் தூண்டிவிட்டது பாதிக்கப்பட்டவரோ அவருடன் வந்தவரோதான். எங்கிருந்தோ வந்து விழுவது குறைவு. நம் எடைதான் கடைசி ஆணி.
• சரிவின் மேல் ஏறாமல் அடிவாரத்தில் நடந்தாலும் ஆபத்து உண்டு. கீழே சமதளத்தில் வைத்த கால், மேலே இருக்கும் பனியைப் பெயர்க்கலாம்.
• பெரும் பனிப்பொழிவோ மழையோ பெய்யும்போதும், அதற்கடுத்த ஒன்றிரண்டு நாட்களிலும் ஆபத்து அதிகம். பளிச்சென்று வெயில் அடிக்கும் முதல் நாளில்தான் எல்லோரும் கிளம்புவோம் என்பதுதான் சோகம்.
• 'வும்ப்' என்று அடிக்குரலில் ஒரு சத்தம் கேட்டாலோ, காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ, பனி உங்களை எச்சரிக்கிறது.

அமெரிக்காவில் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை அளக்கிறார்கள். அதிகம் பேர் சாவது 4-லோ 5-லோ இல்லை, 3-ல். காரணம் எளிது. 5 என்றால் யாரும் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார்கள். 3 என்றால், "பாதிதானே, பார்த்துப் போகலாம்" என்று தோன்றும். நாங்கள் போன அன்று அந்தப் பகுதிக்குச் சொல்லப்பட்ட நிலை 3.

காலையிலேயே வழிகாட்டி சொல்லியிருந்தார்: "மரங்களுக்கு நடுவுலதான் நடக்கப்போறோம். அந்த மேடு, பனி ஒத்துழைச்சா மட்டும்." ரவை அடுக்கைப் பார்த்தபோதே அவர் மனதில் பாதி முடிவாகியிருக்க வேண்டும். மேட்டின் அருகே போனதும் தன் கைக்கோலைச் சரிவின் மேல் படுக்கையாக வைத்து, அதன்மீது மொபைலை வைத்துக் கோணம் பார்த்தார். 34 டிகிரி. முந்தின இரவு அடித்த காற்று, மறுபக்கத்துப் பனியையும் அள்ளிவந்து இந்தப் பக்கத்தில் குவித்திருந்தது. உள்ளே ரவை, மேலே கான்கிரீட்.

அந்தத் தடம்? "அவங்க காலையில, குளிர்ல போயிருப்பாங்க. இப்போ சூடு ஏறியிருக்கு. இல்லன்னா அவங்க மிதிச்ச இடம் தாங்கியிருக்கும், அடுத்த அடியில தாங்காம போகலாம். எனக்குத் தெரியாது. தெரியாத இடத்துல உங்களக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களுக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை மணி நேரம் தாண்டினால் அது மளமளவெனச் சரிந்துவிடும். வெளியிலிருந்து மீட்புப் படை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உடன் வந்தவர்கள்தான் தோண்ட வேண்டும். அதற்குச் சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸ்ஸீவர், ஆழம் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் எட்டுப் பேரில் ஏழு பேருக்கு அந்தக் கருவியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. அதைக் கேட்டபிறகு என் கடுப்பு கொஞ்சம் அடங்கியது.

பனிச்சரிவு மட்டும்தான் பிரச்னையா?

இல்லை. பெரிய ஊசியிலை மரங்களின் அடியில், கிளைகள் பனியைத் தடுப்பதால், தண்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத குழி உருவாகும். அதில் தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது மிகக் கடினம். மரத்தடியில் நின்று செல்ஃபி எடுக்கும் ஆசை வந்தால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வெண்மூட்டம். மேகம் இறங்கி, பனியும் சேர்ந்துகொண்டால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. பத்தடி முன்னால் போகிறவர் மறைந்துவிடுவார். உங்கள் தடமும் சில நிமிடங்களில் மூடிவிடும்.

2012 ஜனவரியில் இதே பாரடைஸ் பகுதியில் நடந்த சம்பவம் அமெரிக்கா முழுக்கச் செய்தியானது. ஸ்னோஷூ குழு ஒன்றை வழிநடத்திச் சென்ற 66 வயது அனுபவசாலி ஒருவர், சரிவில் சறுக்கி விழுந்து குழுவிலிருந்து பிரிந்தார். "நீங்க போங்க, நான் வந்து சேர்ந்துக்கிறேன்" என்று மற்றவர்களை அனுப்பிவிட்டார். ஆனால் வழி தவறிவிட்டது. பனிப்புயலில் இரண்டு இரவுகள். உடல் சூட்டுக்காகத் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொளுத்தினார்: சாக்ஸ், டூத் பிரஷ், கடைசியில் டாலர் நோட்டுகளையும்! மூன்றாம் நாள் மீட்புக் குழுவினர் அவரை உயிரோடு கண்டுபிடித்தார்கள்.

அவர் கற்றுக்குட்டி இல்லை, அந்த மலையை நன்கு அறிந்தவர். அவருக்கே அந்த நிலைமை என்றால்? அனுபவம் இருந்தால் ஆபத்து வராது என்று இல்லை. குழு பிரியக் கூடாது, பகல் நடைக்கே என்றாலும் ஓர் இரவைச் சமாளிக்கும் பொருட்கள் பையில் இருக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. நெருப்புப் பற்றவைக்க ஏதாவது, தலையில் மாட்டும் விளக்கு, அவசரகாலப் போர்வை, கூடுதல் உணவு, விசில், பவர் பேங்க். குளிரில் மொபைல் பேட்டரி வேகமாக இறங்கும். அதை உடலை ஒட்டிய பாக்கெட்டில் வைக்க வேண்டும்.

இந்தியாவில் போகலாமா?

காஷ்மீரின் குல்மார்க்கில் ஸ்னோஷூ நடை கிடைக்கிறது. உத்தராகண்டின் கேதார்காந்தா போன்ற குளிர்கால ட்ரெக்கிங்கில் பெரும்பாலும் மைக்ரோஸ்பைக்ஸ்தான் தருவார்கள். இரண்டும் வேறு வேறு. பலர் நடந்து இறுகிய, வழுக்கும் பாதைக்கு மைக்ரோஸ்பைக்ஸ். யாரும் மிதிக்காத ஆழமான பனிக்கு ஸ்னோஷூ.

ஆபத்தில் மட்டும் வித்தியாசம் கிடையாது. இமயமலையில் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. ஆய்வு நிறுவனம் வெளியிடுகிறது. ஜம்மு காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட் போகிறவர்கள் வானிலை ஆப்பைப் பார்ப்பதோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பணம் கட்டும் முன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. நாம் போகும் பாதையில், அல்லது அதற்கு மேலே, 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவு இருக்கிறதா?
2. இன்றைய பனிச்சரிவு அபாய நிலை என்ன?
3. உங்களுக்குப் பனிச்சரிவுப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் உண்டா?
4. எத்தனை மணிக்கு, எங்கிருந்து கட்டாயம் திரும்புவோம்?
5. ஒருவருக்கு முடியாமல் போனால் குழு என்ன செய்யும்? (பிரிந்து போவோம் என்று பதில் வந்தால் யோசியுங்கள்.)
6. வானிலை மாறி ரத்து செய்தால் பணம் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். ஆனால் பணம் திரும்பக் கிடைக்காது என்றால், "வந்தது வந்துட்டோம், போயிடலாம்" என்ற குரல் குழுவில் நிச்சயம் எழும். அன்று எங்கள் குழுவில் அந்தக் குரல் என்னுடையது.

கடைசியில் மலை தெரிந்ததா?

இல்லை. 4,392 மீட்டர் உயரமுள்ள ரெய்னியர் அன்று முழுவதும் மேகத்துக்குள்ளேயே இருந்தது. திரும்பும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை. பார்வையாளர் மையத்தில் சூடான சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கோவமா?" என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். "இதே மேட்டுல இருந்து பல தடவ ஆட்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்திருக்கேன். நான் சரியா முடிவெடுத்தேனா, தப்பா எடுத்தேனான்னு ஒரு தடவகூட எனக்குத் தெரிஞ்சதில்ல. திரும்பிட்டா அது தெரியவே தெரியாது" என்று சிரித்தார்.

அந்தச் சரிவு அன்று இறங்கியதா? எனக்குத் தெரிந்து இல்லை. நாங்கள் கடந்திருந்தால் ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். ஒரு நல்ல போட்டோவும் கிடைத்திருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து, ஊருக்குத் திரும்ப மாமா என்னை ஏர்போர்ட்டில் விட வந்தபோது வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. நெடுஞ்சாலையில் ஒரு திருப்பத்தில் அக்கா சட்டென்று ஜன்னலைக் காட்டினார். அந்த ஊரில் இப்படிப்பட்ட நாட்களில் "மலை வெளியே வந்திருக்கு" என்பார்களாம். நகரத்துக்குப் பின்னால், யாரோ வரைந்து வைத்த மாதிரி, முழுசாக நின்றது.

"அடுத்த தடவ மேல வரைக்கும் போயிடலாம்" என்றார் அக்கா.

"பனி ஒத்துழைச்சா" என்றேன்.